சூசொக் கொரியர்களின் பொங்கலா?

வாசகர் கேள்வி, 2024 செப்டம்பர் 18

"கொரியாவில் நேற்று சூசொக். அறுவடைத் திருநாள் என்கிறார்கள். அப்படியென்றால் நம் பொங்கல்தானே? அம்மா, அப்பா என்ற சொற்களே அங்கேயும் இருக்கின்றன. பண்டிகையும் இங்கிருந்து போனதாகத்தான் இருக்கும். அங்கே வாழ்பவர்கள் சொல்லுங்கள்."

2024 செப்டம்பர் 19, இரவு

பொங்கல் இல்லை. பொங்கல் சூரியனை வைத்து வருகிறது, சூசொக் நிலவை வைத்து வருகிறது. சந்திர நாட்காட்டியில் எட்டாம் மாதம் பதினைந்தாம் நாள், முழுநிலவு. ஹங்காவி என்பது அதன் பழைய பெயர். புது அரிசி, புதுப் பழம் எல்லாம் உண்டு, ஆனால் அதைச் சூரியனுக்கோ மாட்டுக்கோ படைப்பதில்லை. இறந்துபோன தாத்தா பாட்டிக்கும் அவர்களுக்கு முந்தியவர்களுக்கும் படைக்கிறார்கள். நம் வழக்கத்தில் நெருக்கமான ஒன்றைக் கேட்டால் மகாளய அமாவாசைப் படையலைத்தான் சொல்வேன்.

நான் சுவோனில் இருக்கிறேன். கணவர் கொரியர், ஆன்டொங்குக்குப் பக்கத்துக் கிராமம். கல்யாணமாகிப் பதினோரு வருடம். நேற்றுத்தான் ஊரிலிருந்து திரும்பினோம். சாதாரண நாளில் இரண்டரை மணி நேரத்தில் வந்துவிடலாம், நேற்று ஆறு மணி நேரம் ஆனது. பண்டிகை நாட்களில் நெடுஞ்சாலையில் சுங்கக் கட்டணம் கிடையாது. 2017 சூசொக்கில் தொடங்கிய ஏற்பாடு. கட்டணம் இல்லாத சாலையில் நாடே நிற்கிறது.

காலையில் நடக்கும் சடங்குக்குப் பெயர் சாரே. தாழ்வான மேசை, பின்னால் தட்டி. முன்னோர் பெயரைச் சீன எழுத்தில் எழுதிய காகிதம்தான் அங்கே அவர்களுக்குப் பதிலாக நிற்கும். மூத்த மகன் ஊதுபத்தி ஏற்றி மதுவை ஊற்றுவார். சாப்ஸ்டிக்கை எடுத்து ஒரு பதார்த்தத்தின் மேல் வைப்பார்கள், அவர்கள் சாப்பிடட்டும் என்று. எல்லோரும் இரண்டு முறை விழுந்து வணங்குவார்கள். அப்புறம் கொஞ்ச நேரம் யாரும் பேசமாட்டார்கள். பதினோரு வருடத்தில் எனக்கு மிகவும் பிடித்த நேரம் அதுதான். கடைசியில் பெயர்க் காகிதத்தை எரித்துவிட்டு, படைத்ததை எல்லோரும் உட்கார்ந்து சாப்பிடுவோம்.

2024 செப்டம்பர் 20

"என்னென்ன சமைப்பார்கள்" என்று மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். மனம் கொதித்துப்போய் இருக்கிறது, அதோடே எழுதுகிறேன்.

முந்தின நாள் காலை ஒன்பது மணிக்குத் தரையில் செய்தித்தாள் விரித்து, மின்சாரத் தோசைக்கல் மாதிரி ஒரு பெரிய கல்லை வைத்து உட்கார்ந்தோம். ஜொன் போட. மீன் துண்டு, சுரைக்காய் மாதிரியான காய், இறைச்சி உருண்டை, குச்சியில் கோத்த வெங்காயத்தாளும் ஹாமும், ஒவ்வொன்றாக மாவில் புரட்டி முட்டையில் தோய்த்து எண்ணெயில் வாட்டி எடுப்பதுதான் ஜொன். ஆன்டொங் பக்கம் முழு முட்டைக்கோஸ் இலையையே மாவில் தோய்த்து வாட்டும் பெச்சுஜொன்னும் கட்டாயம். மாமியார், ஓரகத்தி, நான் என்று மூன்று பேர். மதியம் இரண்டு மணி வரை இருநூறுக்குக் குறையாமல் போட்டோம். அதன்பின் கீரை, பெரணித் தண்டான கொசாரி, தோராஜிக் கிழங்கு என்று மூன்று நமுல், அதாவது பிசறிய காய்கறிப் பதார்த்தம். ஆன்டொங்காரர்களுக்கு மேசையில் ஆக்டோபஸ் இல்லாவிட்டால் படையலே இல்லை. கடல் தொலைவில் இருக்கும் ஊருக்கு அது அவ்வளவு பெரிய மரியாதை. இந்த வருடம் செப்டம்பர் நடுவிலும் வெயில் ஆடி மாதம் மாதிரி அடித்தது. கீரை விலை கேட்டுக் கடையிலேயே மாமியார் வாயடைத்து நின்றார்.

வீட்டு ஆண்கள் கூடத்தில் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தார்கள். பண்டிகை முடிந்ததும் மருமகள்களுக்கு வரும் முதுகுவலிக்கும் மனவலிக்கும் இந்த நாட்டில் தனிப் பெயரே இருக்கிறது, 'ம்யொங்ஜொல் ஜுங்ஹுகுன்', அதாவது பண்டிகை நோய்.

இதில் எனக்குத் தாங்க முடியாத விஷயம், இந்த எண்ணெய்ப் பலகாரம் சாத்திரத்திலேயே இல்லை. கன்பூசியச் சடங்குகளில் கடைசி வார்த்தை சொல்லும் இடம் சியோலில் உள்ள சுங்க்யுன்க்வான். 2022 செப்டம்பர் 5 அன்று அவர்களே வெளிப்படையாக அறிவித்தார்கள்: சூசொக் மேசைக்கு ஒன்பது பதார்த்தம் போதும், எண்ணெயில் பொரித்ததும் வாட்டியதும் வேண்டியதில்லை. சிவப்புப் பழம் கிழக்கே, வெள்ளைப் பழம் மேற்கே என்று எல்லோரும் அடித்துச் சொல்லும் விதிகூடப் பழைய சடங்கு நூல்களில் இல்லையாம். எங்கள் பக்கத்திலேயே, ஆன்டொங்கில், ஆயிரம் வோன் நோட்டில் முகம் இருக்கும் அறிஞர் தோய்க்யே யி ஹ்வாங்கின் தலைமைக் குடும்பம் புத்தாண்டுக்கு ஐந்தே பொருள்தான் வைக்கிறது: மது, அரிசிக் கேக் சூப், உலர்மீன், ஒரு தட்டு ஜொன், ஒரு தட்டுப் பழம். அவ்வளவு பெரிய வீட்டுக்கு ஐந்து போதும், எங்களுக்கு இருபத்து மூன்று.

ஜொன் ஒழிய வேண்டும். இதுதான் என் கருத்து.

2024 செப்டம்பர் 20, நள்ளிரவு

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு ஒருவர் "இதுதானே ஜேசா?" என்று கேட்டிருக்கிறார். இல்லை. ஜேசா நம் திதி மாதிரி, இறந்த நாளில் இரவில் செய்வது. பண்டிகைக் காலையில் செய்வது சாரே. ஜேசாவில் சோறும் சூப்பும் வைப்பார்கள். சாரேயில் சோற்றின் இடத்தில் அந்தந்தப் பண்டிகையின் உணவு வரும், சூசொக்குக்கு சொங்ப்யொன் என்ற பூரணம் வைத்த அரிசிக் கேக், புத்தாண்டுக்குத் தொக்குக் என்ற அரிசிக் கேக் சூப்.

2024 செப்டம்பர் 24

சொங்ப்யொன் பற்றி. படம் பார்த்துவிட்டு "இது கொழுக்கட்டை" என்று எழுதியவர்களே, கையும் அதைத்தான் சொன்னது. முதல் வருடம் மாமியார் வீட்டில் எனக்குத் தெரிந்த ஒரே வேலை அதுதான். ஊறவைத்து அரைத்த ஈர அரிசி மாவு, கொதிநீர் ஊற்றிப் பிசைவது, நடுவில் பூரணம், விளிம்பை ஒட்டி வேகவைப்பது. எள்ளும் சர்க்கரையும் பூரணம் என்றதும் எனக்கு அழுகை வந்துவிட்டது, ஊரைவிட்டு வந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. பாசிப்பருப்பு, செஸ்ட்நட், காராமணிப் பூரணமும் உண்டு.

வேறுபாடுகள் இருக்கின்றன. நாம் மாவை அடுப்பில் கிண்டி வேகவைப்போம், இவர்கள் கொதிநீர் விட்டுப் பிசைவதோடு சரி, அதனால் பிசையும் நேரம் அதிகம். நீராவிப் பாத்திரத்தில் ஊசியிலைகளைப் பரப்பி அதன்மேல் அடுக்குவார்கள். 'சொங்' என்றாலே பைன் மரம்தான். ஒன்றோடொன்று ஒட்டாது, மணமும் ஏறும். வெந்ததும் தண்ணீரில் அலசி, வறுத்த எள்ளில் ஆட்டிய எண்ணெய் தடவுவார்கள். எங்கள் மாமனார் வீட்டில் இலை எடுப்பது குடும்பக் கல்லறை இருக்கும் குன்றில்தான். மருந்து அடிக்காத மரம் எது என்று மாமியாருக்குத் தெரியும்.

முழுநிலவு நாளில் ஏன் பிறை வடிவம்? முழுநிலவு தேய்ந்துதான் போகும், பிறைதான் வளரும் என்று மாமியார் சொன்னார். அழகாகப் பிடித்தால் அழகான மகள் பிறப்பாள் என்றும் ஒரு பேச்சு. என்னுடையது எடுத்த எடுப்பிலேயே விரிசல் இல்லாமல் வந்தது. பக்கத்து வீட்டுப் பாட்டி எடுத்துப் பார்த்துவிட்டு "வெளிநாட்டுக்காரி கை இல்லை இது" என்றார்.

2024 அக்டோபர் 2

கேள்வி கேட்டவர் விடவில்லை. "சரி, கொழுக்கட்டையே இருக்கிறதே, அயுத்த நாட்டு இளவரசியும் வந்தாளே" என்கிறார்.

அந்த இளவரசி ஹொ ஹ்வாங்-ஓக்கின் கதை 13ஆம் நூற்றாண்டில் தொகுத்த சம்குக் யூசா என்ற கொரிய நூலில் வருகிறது. கி.பி. 48இல் கடல்கடந்து வந்து சூரோ மன்னரை மணந்தாள் என்கிறது. அவளுடையது என்று சொல்லும் சமாதி கிம்ஹேயில் இருக்கிறது, நான் போய்ப் பார்த்தேன், அழகான இடம். ஆனால் அந்தக் கதையிலிருந்து சூசொக்குக்கு எந்தப் பாதையும் இல்லை. அரிசி விளையும் நாடெல்லாம் அரிசி மாவில் பூரணம் வைத்து வேகவைக்கும். அம்மா, அப்பாவுக்கு ஒத்த ஒலி உலகத்துப் பல மொழிகளில் இருக்கிறது. இவர்கள் பண்டிகையை இவர்களுக்கே விட்டுவிடலாம்.

அதற்கு அவர்களுடைய பழைய சாட்சியமே இருக்கிறது. சம்குக் சாகி என்ற பழைய வரலாற்று நூல் சொல்வது: சில்லா நாட்டில் யூரி மன்னர் காலத்தில், கி.பி. 32இல், தலைநகரப் பெண்களை இரண்டு அணியாகப் பிரித்து, இரண்டு இளவரசிகளைத் தலைமை தாங்கவைத்தார்கள். ஏழாம் மாதம் 16ஆம் நாள் தொடங்கித் தினமும் விடியற்காலையில் கூடி இரவு வரை நெய்தார்கள். எட்டாம் மாதம் 15ஆம் நாள் யார் அதிகம் நெய்தார்கள் என்று பார்த்து, தோற்ற அணி மதுவும் சாப்பாடும் தயார் செய்து வென்ற அணிக்குப் பரிமாறியது. பாட்டு, ஆட்டம். அதற்குப் பெயர் கபே. அதுதான் ஹங்காவியின் தொடக்கம் என்கிறார்கள்.

படிக்கும்போது எனக்கு இப்படித் தோன்றியது: அன்றைக்கும் பெண்கள்தான் உழைத்தார்கள், ஆனால் வென்றவர்களுக்காவது உட்கார்ந்து சாப்பிடக் கிடைத்தது.

இன்னொருவர் மேசையில் வைக்கக்கூடாதது என்ன என்று கேட்டிருந்தார். மிளகாய்த் தூளும் பூண்டும் கூடாது, ஆவிகளுக்கு ஆகாது. கல்ச்சி, கொங்ச்சி, சம்ச்சி என்று 'ச்சி' யில் முடியும் பெயருள்ள மீன் கூடாது. பீச் பழம் கூடவே கூடாது, பீச் மரம் ஆவிகளை விரட்டும். எங்கள் மாமனாருக்கு உயிரோடு இருக்கும்போது பீச் என்றால் உயிர். ஜூலை வந்தால் பெட்டி பெட்டியாக வாங்குவார். அவர் போய் நான்கு வருடம். மாமியார் ஒவ்வொரு பண்டிகைக்கும் பழக்கடையில் ஒரு நிமிடம் நின்றுவிட்டு ஆப்பிளும் பேரிக்காயும் எடுத்துக்கொண்டு வருவார்.

2024 டிசம்பர் 21

இன்று தொங்ஜி, ஆண்டின் மிக நீண்ட இரவு. செம்பயற்றங் கஞ்சி. நிறம் சிவப்பு என்பதால் கெட்டது அண்டாது. உள்ளே குருவி முட்டை அளவுக்குப் பசையரிசி உருண்டைகள், வயதுக்கு ஒன்று என்று போடுவது பழைய வழக்கம். மகளுக்குப் பெருமை, ஏழு. எனக்கு எண்ணாமல் ஒரு கரண்டி போட்டார்கள், நன்றாக இருந்தது.

2025 ஜனவரி 31

புத்தாண்டுக்குப் போய் வந்தோம். இதன் பெயரை 'சொல்லால்' என்று எழுதினால் தமிழில் வார்த்தையால் என்று ஆகிவிடுகிறது, ஆனாலும் உச்சரிப்பு அதுதான், அப்படியே எழுதுகிறேன். இந்த முறை 29ஆம் தேதி. 27ஐயும் அரசு விடுமுறையாக்கியதால் ஆறு நாள். அதில் மூன்று நாள் பனி கொட்டியது.

மாமியார் இன்னும் 'குஜொங்' என்பார், பழைய புத்தாண்டு. கணவர் ஒவ்வொரு முறையும் திருத்துவார், "அம்மா, சொல்லால்." அதன் பின்னால் பெரிய கதை இருக்கிறது. 1896இல் கொரியா சூரிய நாட்காட்டிக்கு மாறியது. ஜப்பானிய ஆட்சியில் ஜனவரி 1தான் புத்தாண்டு என்று அழுத்தினார்கள், பழையது 'பழசு' ஆனது. விடுதலைக்குப் பிறகு வந்த அரசுகளும் இரண்டு புத்தாண்டு வீண் செலவு என்றுதான் சொல்லின. மக்கள் விடவில்லை. 1985இல் 'நாட்டுப்புற நாள்' என்று ஒரு நாள் விடுமுறை கிடைத்தது. 1989இல்தான் சொல்லால் என்ற பெயரும் மூன்று நாள் விடுமுறையும் திரும்பி வந்தன. மாமியாருக்குக் கல்யாணமான புதிதில் மறுநாள் வேலைக்குப் போக வேண்டும் என்பதால் விடிவதற்கு முன்பே படையலை முடிப்பார்களாம். நாக்கில் படிந்த பெயர் அவருக்கு அவ்வளவு எளிதில் போகாது.

தொக்குக் என்பது அரிசி மாவை நீளமாக உருட்டி, சாய்வாக வட்டம் வட்டமாக வெட்டி, இறைச்சிச் சாற்றில் போட்ட வெள்ளைச் சூப். ஒரு கிண்ணம் சாப்பிட்டால் ஒரு வயது கூடும். "எத்தனை கிண்ணம் சாப்பிட்டிருக்கிறாய்" என்று கேட்டால் வயதைக் கேட்கிறார்கள். 2023 ஜூன் 28 முதல் சட்டப்படி எல்லோருக்கும் பிறந்தநாள் கணக்கு வயதுதான். எங்கள் மகள் டிசம்பர் இறுதியில் பிறந்தவள். பழைய கணக்கில் பிறக்கும்போதே ஒரு வயது, புத்தாண்டுக்கு இன்னொன்று, பிறந்த இரண்டே வாரத்தில் அவளுக்கு இரண்டு வயது! அதைச் சொல்லித்தான் மாமனார் ஊரெல்லாம் சிரித்தார்.

சாப்பிட்டதும் செபே. பெரியவர்களுக்கு விழுந்து வணங்கி, "சேஹே போக் மானி பாதுசேயோ" என்று சொல்ல வேண்டும், புத்தாண்டில் நிறைய நலம் பெறுங்கள். ஆண்களுக்கு இடது கை மேலே, பெண்களுக்கு வலது கை மேலே. துக்க வீட்டில் அப்படியே மாறும், அதனால் மாற்றி வைத்தால் பெரியவர்கள் முகம் போய்விடும். உயிரோடு இருப்பவர்களுக்கு ஒரு வணக்கம், இறந்தவர்களுக்கு இரண்டு. பிறகு வாழ்த்தும் உறையில் பணமும். மகள் மதியம் யுன்னோரியில் அதில் கொஞ்சம் தோற்றாள். நான்கு மரக்குச்சி, ஒரு பக்கம் தட்டை, ஒரு பக்கம் வளைவு, பன்றி, நாய், ஆடு, மாடு, குதிரை என்று ஒன்று முதல் ஐந்து வரை நகர்த்தல். தாயம் ஆடிய கைக்கு ஐந்து நிமிடத்தில் வந்துவிடும்.

இப்போது செப்டம்பரில் எழுதியதற்கு வருகிறேன். ஜொன் ஒழிய வேண்டும் என்று எழுதினேன். அதைக் கொஞ்சம் மாற்ற வேண்டும்.

28ஆம் தேதி பனியில் யாராலும் வெளியே போக முடியவில்லை. கணவரும் அவர் அண்ணனும் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். ஓரகத்தி ஒன்றும் பேசாமல் கரண்டியை என் கணவரின் அண்ணன் கையில் கொடுத்துவிட்டு எழுந்துவிட்டார். பதினெட்டு வருடம் அந்த வீட்டில் ஜொன் போட்டவர். ஒரு நிமிடம் வீடே நின்றது. அப்புறம் அண்ணன் உட்கார்ந்து திருப்பத் தொடங்கினார். கணவர் மாவில் புரட்டினார். முட்டை ஒழுகி, வடிவம் கெட்டு, ஆனால் வெந்தது.

மாமியார் வந்து பார்த்துவிட்டு வேண்டாம் என்று சொல்லவில்லை. இரவு என்னிடம் மட்டும் சொன்னார். அவர் கல்யாணமாகி வந்தபோது அவர் மாமியார் அவரோடு பேசவே மாட்டாராம். வருடத்தில் இரண்டே நாள், இந்தக் கல்லைச் சுற்றி உட்காரும்போது மட்டும், பக்கத்துப் பெண்களும் வருவார்கள், சூடான ஜொன்னைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டு பேசுவார்கள். "அந்த இரண்டு நாளில்தான் எனக்கு இந்த ஊர் பழகியது" என்றார்.

ஆகவே ஜொன் இருக்கட்டும். பெண்கள் மட்டுமே போடுவதுதான் ஒழிய வேண்டும். செப்டம்பரில் எனக்கு இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

2025 பிப்ரவரி 12

இன்று தேபோரும், புத்தாண்டின் முதல் முழுநிலவு. ஐந்து தானியச் சோறு, காயவைத்த கீரைகள், விடிந்ததும் வேர்க்கடலையும் வால்நட்டும் பல்லால் உடைப்பது, உடம்பில் கட்டி வராதாம். காலையில் மகள் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். நான் "என்ன" என்றேன். "என் வெயிலை வாங்கிக்கொள்" என்று கத்திவிட்டு ஓடிவிட்டாள். பதில் சொன்னவருக்கு அந்தக் கோடையின் வெயில் போய்விடும். நான் விற்க முயன்றேன், வீட்டில் யாரும் வாய் திறக்கவில்லை.

2025 ஏப்ரல் 3

சில பேர் தனியாக விசாரித்தீர்கள், நன்றி. மார்ச் 22 அன்று உய்சொங்கில் பற்றிய தீ காற்றில் ஆன்டொங், சொங்சொங், யோங்யாங் தாண்டிக் கிழக்குக் கடற்கரை யோங்தொக் வரை போய்விட்டது. கோவுன்சா என்ற பழைய பௌத்தக் கோயிலும் எரிந்தது. யாரோ ஒருவர் குடும்பக் கல்லறையைச் சீர்செய்தபோது பற்றியதாகச் செய்தியில் வந்தது. அதைக் கேட்டதிலிருந்து மாமியார் "அந்த வீட்டுக்காரர்களும் பாவம்" என்றே சொல்லிக்கொண்டிருக்கிறார்.

எங்கள் வீடு தப்பியது. குன்று எரிந்துவிட்டது. நான் சொன்ன பைன் மரங்கள் கறுப்புக் கம்புகளாக நிற்கின்றன.

2025 செப்டம்பர் 15

பொல்ச்சோவுக்குப் போய் வந்தார்கள், சூசொக்குக்கு முன்னால் கல்லறைப் புல்லை வெட்டும் வேலை. முதுகில் மாட்டும் இயந்திரத்தோடு ஆண்கள் போவார்கள், வருடா வருடம் யாரையாவது குளவி கொட்டும். இந்த முறை குளவி இல்லை, கூடு கட்ட மரம் இல்லையே. ஆனால் மண்மேடுகளின் மேல் புல் மட்டும் பச்சையாக, முன்னைவிட அடர்த்தியாக வந்திருக்கிறதாம். கணவர் படம் அனுப்பினார். கறுப்புக் குன்றில் நான்கு பச்சை மேடுகள்.

2025 அக்டோபர் 9

சூசொக் 6ஆம் தேதி. 3 முதல் இன்று, கொரிய எழுத்தைக் கொண்டாடும் ஹங்குல் நாள் வரை ஏழு நாள் விடுமுறை. எங்கள் ஊரில் மழை, நிலவு தெரியவில்லை.

மேசையில் இந்த முறை ஒன்பது. மாமியாரே எண்ணி வைத்தார். ஆக்டோபஸ் இருந்தது, அதில் அவர் விட்டுக்கொடுக்க மாட்டார். ஜொன் ஒரே ஒரு தட்டு, பெச்சுஜொன், அதையும் கணவரின் அண்ணன் போட்டார். சொங்ப்யொன்னுக்கு இலை கடையில் வாங்கினோம். வாங்கிய இலையை மாமியார் மூன்று முறை கழுவினார். வெந்து வந்ததும் முகர்ந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை.

சாரேயில் ஓரகத்தியும் நானும் முன்னால் நின்று வணங்கினோம். முன்பெல்லாம் அந்த நேரத்தில் சமையலறையில் தட்டு அடுக்கிக்கொண்டிருப்போம்.

மதியம் மழை விட்டதும் கல்லறைக்குப் போனோம். பாதை சேறு, கரி மணம் இன்னும் இருக்கிறது. வழக்கம்போல் மது, ஆப்பிள், பேரிக்காய், உலர்மீன். எல்லோரும் வணங்கி முடித்த பிறகு மாமியார் பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்தார். பீச், சர்க்கரைப் பாகில் போட்டது. மூடியைத் திறந்து மாமனார் மேட்டுக்கு முன்னால் வைத்தார்.

கணவரின் அண்ணன் பதறிவிட்டார். "அம்மா, பீச் வைத்தால் அப்பா எப்படி வருவார்?"

"வீட்டு மேசையில் வைத்தால்தான் அவர் வர முடியாது" என்றார் மாமியார். "இங்கே அவர் எங்கிருந்து வர வேண்டும்? இது அவர் வீடு."

திரும்பும்போது மகள் அந்த டப்பாவைக் கேட்டாள். பாட்டியும் பேத்தியும் காரின் பின் இருக்கையில் உட்கார்ந்து, ஒரே சாப்ஸ்டிக்கை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு, பாகு வரை காலி செய்தார்கள்.